நைரோபியின் குறுக்கே, கடிதம்

வணக்கம் சார்,

நைரோபி பற்றிய உங்கள் கட்டுரையில் 'மட்டாட்டு (அந்த ஊர்த் தனியார் பயணிகள் வேன்) பிடித்து டவுனுக்குப் போனேன்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் விரிவாக வேண்டும். ஊருக்கு வெளியே ஆத்தி ரிவர் என்ற இடத்தில் உள்ள ஓர் ஆயத்த ஆடை ஆலையில் தையல் இயந்திரங்களை நிறுவும் வேலையாகச் சில மாதங்கள் அங்கே போகிறேன். தங்குவது பார்க்லேண்ட்ஸில், தெரிந்த குஜராத்திக் குடும்பத்தின் வீட்டு மாடியில். தினமும் டாக்ஸிக்குக் கட்டுப்படியாகாது. மட்டாட்டு வேண்டாம், ரவுடித்தனம், நேரம் காலம் கிடையாது, கட்டணம் அவர்கள் வைத்ததுதான் என்கிறார்கள். 40 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரில் அரசு பேருந்து ஏன் இல்லை? நான் எப்படிப் போய் வருவது?

கே. எஸ்., திருப்பூர்

அன்புள்ள கே. எஸ்.,

அரசு பேருந்து இருந்தது. 'ந்யாயோ' என்ற பெயரில் 1986-ல் அதிபர் மொய் ஆட்சியில் தொடங்கினார்கள். பத்தாண்டு தாக்குப்பிடிக்கவே சிரமப்பட்டு, நிர்வாகச் சீர்கேட்டால் படுத்துவிட்டது. அதற்கு முன்பே, 1934 முதல், கென்யா பஸ் சர்வீஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது பிரிட்டிஷ் தனியார் கம்பெனி. பேருந்து போகாத கிழக்குப் பகுதிகளில் பழைய வேன்களை வைத்துத் திருட்டுத்தனமாக ஆள் ஏற்றியவர்கள்தான் மட்டாட்டுக்காரர்கள். 1973-ல் அப்போதைய அதிபர் ஜோமோ கென்யாட்டா அவர்களை ஓட்டிக்கொள்ளச் சொல்லி அனுமதி கொடுத்தார். அப்புறம் நகரம் வளர்ந்ததெல்லாம் அவர்கள் முதுகில்தான்.

ரவுடித்தனம் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வண்டிக்குள் நடப்பது எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான் காரணம். வண்டி ஒருவருடையது, ஓட்டுவது வேறொருவர். முதலாளிக்கு நாள் முடிவில் ஒரு குறிப்பிட்ட தொகை போய்ச் சேர வேண்டும். டீசல், வழியில் போலீஸ்காரருக்குக் கொடுப்பது, ஸ்டேஜில், அதாவது வண்டி நிறுத்தத்தில், கூவி ஆள் சேர்க்கிற பையன்களுக்குக் கொடுப்பது எல்லாம் போக மிஞ்சுவதே டிரைவருக்கும் கண்டக்டருக்கும். சம்பளம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. நம்மூர் ஷேர் ஆட்டோவில் போய்ப் பழகியவருக்கு இது புதிதாக இருக்காது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் நேரம் காலம் இல்லை என்ற புகாருக்கும் விடை கிடைத்துவிடும். பதினான்கு இருக்கையும் நிரம்பினால்தான் ஸ்டேஜை விட்டு வண்டி நகரும். நகர்ந்துவிட்டால் நடைபாதையில் ஏறியாவது முந்தும். மழை பெய்தால் நெரிசல், ஒரு நடை போக வேண்டிய நேரம் இரண்டு மடங்காகும், அதனால் கட்டணமும் ஏறும். ஆத்திரப்படாதீர்கள், ஏறும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பாருங்கள். 20 ஷில்லிங்கை ம்பாவ் என்பார்கள், 50 ஃபின்ஜே, 100 சோ. காலையில் ஆயிரம் ஷில்லிங் நோட்டை நீட்டினால் மீதிச் சில்லறை இறங்கும் வரை வராது, சில சமயம் இறங்கினாலும் வராது.

ரொக்கத்தை ஒழிக்கவும் பார்த்தார்கள். எம்-பெசா என்கிற கைபேசிப் பணச் சேவை 2007-லிருந்தே இருக்கிற ஊர், கீரைக்காரம்மாகூட போனில்தான் பணம் வாங்குகிறார். கூகுளும் ஈக்விட்டி வங்கியும் சேர்ந்து 2013-ல் பேபாபே என்று ஓர் அட்டை கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு அரசும் ரொக்கமில்லாக் கட்டணத்தைக் கட்டாயமாக்கப் பார்த்தது. எடுபடவில்லை. வசூல் முழுவதும் முதலாளியின் கணக்கில் தெரிந்துவிட்டால் அன்றைய மிச்சத்தில் பிழைப்பவனுக்கு என்ன மிஞ்சும்? இன்றைக்குப் பல வண்டிகளில் எம்-பெசா வாங்குகிறார்கள். இருந்தாலும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜான் மிச்சுக்கி போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 2004-ல், சீட் பெல்ட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பக்கவாட்டில் மஞ்சள் கோடு, இருக்கைக்கு ஓர் ஆள் என்று ஒரே அடியாகக் கொண்டுவந்தார். வண்டிகள் வராமல் ஊரே நடந்தது. மனிதர் மசியவில்லை. அந்தக் கெடுபிடி பிற்பாடு தளர்ந்தாலும் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் அந்த விதிகளைக் குறிப்பிடுகிறார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். பயணிகளின் உயிரைப் பற்றி யோசித்த அமைச்சர்கள் எங்கேயும் குறைவுதான்.

சரி, உங்கள் வழி. பார்க்லேண்ட்ஸ் வடமேற்கில், ஆத்தி ரிவர் தென்கிழக்கில். நேர் வண்டியை எதிர்பார்க்காதீர்கள். அநேகமாக எல்லாத் தடங்களும் டவுனில், அதாவது நகர மையத்தில், முடிந்து டவுனில்தான் தொடங்கும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போகிறவர் நடுவில் இறங்கி, கூட்டத்தில் நடந்து, இன்னொரு ஸ்டேஜில் ஏற வேண்டும். பார்க்லேண்ட்ஸை ஒட்டிய வெஸ்ட்லேண்ட்ஸ் பக்கத்து வண்டிகள் டவுனில் கோஜா, ஓடியன் என்ற ஸ்டேஜ்கள் அருகே இறக்கிவிடும். ஆத்தி ரிவர், கிட்டெங்கேலா போகிற 110-ஆம் எண் வண்டி ரயில் நிலையத்துப் பக்கம் கிடைக்கும். இடையில் சுமார் கால் மணி நேர நடை. ஸ்டேஜை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள், அதனால் முதல் தடவை ஒரு கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். 2018 டிசம்பரில் மட்டாட்டுக்களை டவுனுக்குள்ளேயே விடக்கூடாது என்று தடை போட்டுப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு நடந்தே போனார்கள், தடை ஓரிரு நாளில் காணாமல் போயிற்று.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. காலையில் ஊரே உள்ளே வரும்போது நீங்கள் டவுனிலிருந்து வெளியே போகிறீர்கள். அந்த நேரத்தில் கண்டக்டருக்கு ஆத்தி ரிவரில் காத்திருக்கும் கூட்டத்தின் மேல்தான் கண். டவுனில் நின்று வண்டியை நிரப்பிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இருக்காது, பாதி காலியாகவே கிளம்பிவிடலாம், கட்டணமும் குறையலாம். மாலையிலும் அப்படித்தான். ஆனால் டவுனில் இறங்கியபின் பார்க்லேண்ட்ஸுக்கு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஆத்தி ரிவருக்குப் போகிற மொம்பாசா சாலையில் நெரிசல் தாங்காது. அதன் மேலேயே 2022-ல் 27 கிலோமீட்டருக்குச் சுங்கச்சாலை திறந்தார்கள், ம்லோலோங்கோவிலிருந்து வெஸ்ட்லேண்ட்ஸ் வரை. சில வண்டிகள் அதில் போகும், கூடுதல் காசு கேட்கும். அவசரமென்றால் கொடுங்கள். சியோகிமௌ வரை புறநகர் ரயிலும் உண்டு, அது ஆத்தி ரிவர் வரை போகுமா என்று ரயில் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மட்டாட்டுத் தடங்களுக்கு வரைபடமும் இருக்கிறது. நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள் கைபேசியோடு வண்டி வண்டியாக ஏறி இறங்கித் தடங்களைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடியும் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்த திட்டம் அது. 2014-ல் 130-க்கும் மேற்பட்ட தடங்களுடன் லண்டன் சுரங்க ரயில் படம் மாதிரி வண்ணக் கோடுகளில் வெளிவந்தது, அடுத்த ஆண்டு கூகுள் மேப்பிலும் ஏறியது. தடத்துக்கு அதை நம்பலாம். அதில் காட்டுகிற நேரத்தை நம்பி ஆலைக்குக் கிளம்பாதீர்கள்.

சன்னலோரம் உட்கார்ந்தால் போனை வெளியே எடுக்காதீர்கள், நெரிசலில் கை நுழைந்து பறித்துக்கொண்டு போகும். இருட்டியபின் டவுனில் ஸ்டேஜ் மாறுவதைத் தவிர்க்கப் பாருங்கள். ஆலையில் வேலை நீண்டுவிட்டால் அன்றைக்கு மட்டும் டாக்ஸிதான், காசு பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கார குஜராத்திக் குடும்பம் 'நாங்களே கொண்டுபோய் விடுகிறோம்' என்று பிடிவாதம் பிடிக்கும். முதல் திங்கட்கிழமைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய ஞாயிறன்று நிதானமாக ஒரு முறை போய் வந்துவிடுங்கள், அன்றைக்குச் சாலை காலியாக இருக்கும், கண்டக்டர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.