ஆல்டர்னேட்டர் போச்சு, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் போகலாமா?

கேள்வி: இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறேன். ஓட்டிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தது, அப்புறம் அணையவே இல்லை. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்கிறார்கள். நம்பிக்கையான ஒர்க்‌ஷாப் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. புது பேட்டரி போட்டால் இரண்டு மணி நேரம் தாராளமாக ஓடும் என்கிறார் பேட்டரி விற்பவர். நம்பி ஓட்டலாமா?

பதில்: பகல் நேரம், மழை இல்லை, சாலையில் நெரிசல் இல்லை, பேட்டரி நல்ல நிலையில் முழு சார்ஜில் இருக்கிறது. இவ்வளவும் இருந்தால் 40 கி.மீ. போய்விடலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வண்டியை டோ வண்டியில் ஏற்றிவிடுங்கள். பேட்டரிக்காரர் சொன்ன இரண்டு மணி நேரத்தை மறந்துவிடுங்கள், அது அவர் விற்பனைக்குச் சொன்னது.

ஆனால் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பல எஞ்சின்களில் ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அந்தப் பெல்ட் அறுந்திருந்தாலும் டேஷ்போர்டில் எரிவது இதே பேட்டரி விளக்குதான், நீங்களும் ஆல்டர்னேட்டர்தான் போச்சு என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள், கொஞ்ச தூரத்தில் சூட்டு முள் ஏறும், அதையும் கவனிக்காவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட்டே வளையும். எஞ்சின் பின்பக்கம் இருக்கிற வண்டி என்றால் பெல்ட் கண்ணில் படாது, கீழே படுத்து டார்ச் அடித்தாவது பாருங்கள். பெல்ட் இல்லை, அல்லது ஓரம் நார் நாராகக் கிழிந்திருக்கிறது, அல்லது ஆல்டர்னேட்டர் பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது என்றால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். சத்தம் வருவது பேரிங். அது இறுகினால் பெல்ட்டையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும்.

பெல்ட் சரியாக இருக்கிறதா, இப்போது கணக்குக்கு வருவோம். பேட்டரி மேல் 60 ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருந்தால், 3 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று அர்த்தம். வேகமாக இழுத்தால் அவ்வளவு கொடுக்காது. ஃப்யூயல் பம்ப், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து சும்மா ஓடுவதற்கே 15 முதல் 20 ஆம்பியர் கேட்கும். சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் போட்டால் இன்னும் 10, ரேடியேட்டர் ஃபேன் சுழன்றால் 20 அல்லது அதற்கும் மேலே. வரவே கிடையாது, எல்லாம் செலவு. பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம், அதுவும் விளக்கு எரிந்த பிறகு ஓட்டியதில் கொஞ்சம் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் என் கணக்கு முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். தூரத்தை வைத்து யோசிக்காதீர்கள், நேரத்தை வைத்து யோசியுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு தொல்லை, எடையைக் குறைக்கிறேன் என்று சின்ன பேட்டரியாகப் போட்டுவிடுகிறார்கள். போர்ஷே தன் 911 ஜிடி3 வண்டிக்கு விருப்பத் தேர்வாகக் கொடுத்த லித்தியம் பேட்டரி 6 கிலோகூட இல்லை, அதன் கொள்ளளவு 18 ஆம்பியர்-ஹவர். செல்ஃப் அடிக்க அது போதும், ஊர் போய்ச் சேர அல்ல. உங்களுடையது அந்த ரகம் என்றால் கேள்வியே வேண்டாம், ஏற்றிவிடுங்கள்.

போவதென்றே முடிவானால் முதல் நாள் இரவே சார்ஜர் போட்டு பேட்டரியை நிரப்புங்கள். ஏசி, பாட்டு, சீட் ஹீட்டர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் அணையுங்கள், சிக்னலில் எஞ்சினைத் தானாக அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப்பையும் நிறுத்துங்கள். வழியில் எஞ்சினை அணைக்கவே கூடாது. செல்ஃப் அடிக்க மொத்தத்தில் பெரிய சார்ஜ் ஒன்றும் போகாது, ஆனால் அந்த நொடியில் 150, 200 ஆம்பியர் இழுப்பதால் வோல்டேஜ் சரிந்து, பலவீனமான பேட்டரி அங்கேயே படுத்துவிடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் வோல்ட் மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். 11.5 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் ஓரம் கட்ட இடம் தேடுங்கள். ஏபிஎஸ் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு என்று வரிசையாக எரிய ஆரம்பித்தால் தேடவும் நேரமில்லை, உடனே ஒதுங்குங்கள். எலக்ட்ரிக் ஸ்டியரிங் கை கொடுக்காமல் கனத்துவிடும். முழுக்கச் செத்துவிட்டால் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் விடாது, ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கிலிருந்து வராது, டோ வண்டிக்காரரும் தலையைச் சொறிவார்.

இனி ஆட்களைப் பற்றி. விளக்கு எரிந்தது என்றதும் பேட்டரியை மாற்றச் சொல்கிறவர் உங்கள் கோளாறைப் பார்க்கவே இல்லை. புது பேட்டரியும் அதே வேகத்தில்தான் காலியாகும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "வண்டி நிற்குதா பாருங்க" என்று சோதிக்கும் மெக்கானிக்கை அந்தக் கையோடு தடுத்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர் கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தால் அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே காவு வாங்கலாம். பழைய கார்பரேட்டர் வண்டியில் கற்றுக்கொண்ட வித்தை அது. ரோட்டோரத்தில் ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டு "இனி கவலையில்லை" என்று கிளம்புகிறவரையும் நம்பாதீர்கள், அது கிளப்பத்தான் உதவும். சாலை உதவிக்கு போன் செய்தால் ஆல்டர்னேட்டர் என்று நான்கு முறை சொன்னாலும் ஜம்ப் கேபிளோடு ஒரு பையனைத்தான் முதலில் அனுப்புவார்கள், அவன் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் லாரி வருமாம். என்ன முறையோ!

ஒர்க்‌ஷாப்பில் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொல்வதற்கு முன் பெரிய ஃப்யூஸ், பின்பக்க பிளக், எர்த் ஒயர், கார்பன் பிரஷ், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எல்லாம் பார்த்தார்களா என்று கேளுங்கள். பல வண்டிகளில் ரெகுலேட்டரோ பிரஷ்ஷோ மட்டும் மாற்றினால் போதும், ஆனால் அதைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? பெயிண்ட் அடித்த பழைய ஆல்டர்னேட்டரைப் புதுசு என்று தள்ளுவதும் உண்டு, அதனால் கழற்றிய பழையதையும் வந்த அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாட்டிய பிறகு எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் வோல்ட் மீட்டர் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் காட்டும். அதற்கு முன்னால், வடிந்து போன பேட்டரியைத் தனியாகச் சார்ஜரில் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். காலி பேட்டரியை நிரப்பும் வேலையைப் புது ஆல்டர்னேட்டர் தலையில் கட்டினால் அது சூடேறிக் கெடலாம்.