கடலிலிருந்து தள்ளி, உள்நிலத்தில் இருக்கும் உப்புச் சதுப்பை மீட்பது: கேள்வி பதில்

கேள்வி: உப்புச் சதுப்பில் தவளைக்கு என்ன வேலை? உப்பு பட்டால் செத்துவிடாதா?

பெரும்பாலான இனங்கள் சாகும். தவளையின் தோல் வழியாகவே நீர் போய் வருகிறது. முட்டைக்கு ஓடும் கிடையாது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. அதில் ஆறில் ஒரு பங்கையே பல இனங்களின் முட்டைகள் தாங்குவதில்லை. ஆனால் சதுப்பு முழுக்க ஒரே கரிப்பாக இருக்காதே! உப்பு ஊற்று கசியும் இடத்தில் உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும் நிற்கும். சற்றுத் தள்ளி மழைநீர் தேங்கும் ஓரப்பள்ளம் ஏறக்குறைய நன்னீராக இருக்கும். முட்டைகளை அங்கேதான் தேட வேண்டும். பச்சைத் தேரை போன்ற சில இனங்கள் லேசான உப்பையும் சமாளிக்கும்.

கேள்வி: அப்படியானால் உப்பைக் குறைத்துவிடலாமே?

வேண்டவே வேண்டாம். உப்பு குறைந்தால் நாணல் ஆளுயரத்துக்கு மண்டிவிடும், வெயிலுக்கு ஏங்கும் உமரி அதன் நிழலில் அழியும். இன்னொரு விஷயம்: தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சைக்கும் உப்பு ஆகாது. ஆஸ்திரேலியாவின் பச்சை-பொன் மணித்தவளைகளை ஆராய்ந்தபோது, லேசாக உப்பேறிய குட்டைகளில் இந்தத் தொற்று குறைவாக இருந்தது தெரிந்தது.

கேள்வி: செடி நட ஆட்கள் தயார். எங்கே தொடங்கலாம்?

செடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் வடிகாலைத் தேடுங்கள். நிலத்தடி நீர் மேற்பரப்புக்கு அருகில் இருந்தால்தான் மண் அதை மேலே உறிஞ்சும். வெயிலில் நீர் ஆவியாகி உப்பு தங்கும். வாய்க்கால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கினால் இந்த ஓட்டம் அறுந்துபோகும், பெய்கிற மழை இருக்கும் உப்பையும் கீழே கழுவிவிடும். ஆஸ்திரியாவின் சீவின்கெல் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நூற்றுக்கும் மேல் இருந்த உவர் ஏரிகள் இன்று சில பத்துகளாகச் சுருங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே வாய்க்காலைக் களிமண்ணால் அடையுங்கள், நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டரை வைத்து மாதந்தோறும் பல இடங்களில் அளந்து எழுதுங்கள். விதை மண்ணில் மிச்சமிருந்தால் உமரி தானாக முளைக்கும். இல்லையென்றால் அருகிலுள்ள நல்ல சதுப்பில் விதை முற்றிய செடிகளை அறுத்துவந்து பரப்பலாம்.

கேள்வி: மாடு மேயவிடலாமா?

தாராளமாக, அளவோடு. நாணலைத் தின்னும்; குளம்பு பதிந்த வெற்று மண்ணில்தான் உமரி விதை எளிதில் முளைக்கும். முட்டையிடும் பருவத்தில் மட்டும் குட்டைக்கு வேலி கட்டுங்கள்.

கேள்வி: குட்டை எவ்வளவு ஆழம் இருக்கலாம்?

முழங்காலளவு போதும், கரை சரிவாக இருக்கட்டும். தலைப்பிரட்டைகள் கரையேறிய பிறகு அது வற்றுவதே நல்லது, மீன் தங்காது. ஒரே குட்டையை நம்பாமல் உப்பு கூடியும் குறைந்தும் நாலைந்து வெட்டுங்கள்.

கேள்வி: பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் எங்கள் சதுப்பில் கலக்கிறது. அதுவும் உப்புதானே?

உப்புதான், ஆனால் வரும் நேரம் மோசம். பனி உருகும்போது மொத்தமாக வந்து இறங்கும், தவளைகள் முட்டையிடுவதும் அப்போதுதான். அதுவும் நன்னீர் ஓரங்களிலேயே போய்ச் சேரும். சாலை நீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.