வீட்டிலேயே சிறுதானிய கிரனோலா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் சாமை அவல் கிரனோலா, அதாவது வறுத்த அவலையும் கடலையையும் வெல்லப்பாகில் புரட்டிச் செய்கிற மொறுமொறு காலை உணவு பற்றி எழுதியதும் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செவ்வாய்பேட்டையிலிருந்து: என் மகளுக்கு ஆறு வயது. பாலில் போட்டுச் சாப்பிடுகிற சாக்லெட் சீரியல் பாக்கெட்டைத் தவிர காலையில் எதையும் தொட மாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம் அக்கா?

அவளை இழுப்பது அந்த மொறுமொறுப்புதான். அதைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சேலம் லீ பஜார் சந்தை உங்களுக்குப் பக்கம்தானே, சாமை அவலோ கம்பு அவலோ கேட்டு வாங்குங்கள். இரண்டு கப் அவலை அடிகனமான வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஓரம் கருகிவிடும், நடு பச்சையாகவே நிற்கும். ஏழெட்டு நிமிடம் கழித்து ஓர் அவலை ஆறவிட்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். வளையாமல் பொடிந்தால் சரி. அரை கப் நிலக்கடலையைத் தனியாக வறுத்து, தோலைப் புடைத்து, ஒன்றிரண்டாக உடையுங்கள். இரண்டு ஸ்பூன் எள்ளையும் வறுத்து, பொரிய ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள்.

அப்புறம் கால் கப் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்வரை கொதிக்கவிடுங்கள். அதில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு ஸ்பூன் கோகோ பொடி. வறுத்ததையெல்லாம் கொட்டிப் புரட்டி, ஈரம் போக ஐந்து நிமிடம் சிறு தீயில் கிளறுங்கள். அடுப்பில் இருக்கும்வரை மெத்தென்றுதான் இருக்கும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டால்தான் மொறுமொறுப்பு வரும். இது தெரியாமல் மேலும் மேலும் வறுத்துக் கசக்க வைத்துவிடுகிறோம். முதல் வாரம் அவளுடைய பாக்கெட்டோடு பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து: நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், இரண்டே நாளில் நமத்துப்போய்விட்டது.

மலைமேல் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமே, அந்த ஈரத்தை அவல் இழுத்துக்கொள்ளும். முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் அடையுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் மூடியில் வியர்த்து உள்ளேயே நமக்கும். உலர்திராட்சையை இதில் கலக்காதீர்கள், சாப்பிடும்போது தூவிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் செய்யுங்கள். நமத்ததைக் கொட்டிவிட வேண்டாம், மூன்று நிமிடம் வாணலியில் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

அம்மாபேட்டையிலிருந்து: நம்ம ஊர் ஜவ்வரிசியைச் சேர்க்கலாமா?

சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். ஆனால் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தது அது, ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து. புரதமோ நாரோ அதிலிருந்து வரும் என்று எண்ண வேண்டாம். பாயசத்தில் போடுங்கள். காலை உணவுக்குத் தானியமும் கடலையும் போதும்.

ஆத்தூரிலிருந்து: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். வெல்லம்தானே, பரவாயில்லையா?

இல்லை, வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சிறுதானியம் என்றாலும் அளவு முக்கியம். பாகே இல்லாமல் அவல், கடலை, எள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்து, உப்பும் இடித்த மிளகும் போட்டு வையுங்கள். ஏற்காட்டு மிளகு கிடைத்தால் வாசனை தனி. ஒரு சின்னக் கிண்ணம் எடுத்து, கெட்டி மோரில் போட்டு உடனே சாப்பிடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓமலூரிலிருந்து: எட்டு மாதக் குழந்தைக்கு இதையே தேன் விட்டுக் கரைத்துத் தரலாமா?

வேண்டவே வேண்டாம் கண்ணு. ஒரு வயது ஆகும்வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். உடைத்த கடலையும் தொண்டையில் சிக்கும். கேழ்வரகைக் கல் நீக்கி, இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளை கட்டுங்கள். வெள்ளை நுனி எட்டிப் பார்த்ததும் நன்றாகக் காயவைத்து, வறுத்து, அரைத்துச் சலித்து வையுங்கள். முளை கட்டினால் இரும்புச்சத்து உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் இருக்கிறது. இனிப்பு சேர்க்காமல் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுங்கள்.

மேட்டூரிலிருந்து: கம்பு மாவு பத்து நாளில் கசக்கிறது, ஏன்?

கம்பில் கொழுப்பு அதிகம், அரைத்ததும் அது கெட ஆரம்பித்துவிடும். முழுக் கம்பாக வாங்கி வைத்து, நாலைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.