பெட்ரோல் ஊற்றியும் அம்பாசிடர் எடுக்காதது ஏன்?

கேள்வி: அப்பா வைத்திருந்த 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. மீட்டர் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே திருப்பத்தூர் தாண்டி நின்றுவிட்டது. பங்கில் ஒரு லிட்டர் வாங்கி வந்து ஊற்றினேன். செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் இறங்கியது. கார்புரேட்டரில் நேராகப் பெட்ரோல் ஊற்றச் சொன்னார் ஒருவர். பயந்து விட்டுவிட்டேன். என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஊற்றாமல் விட்டது மிக நல்லது. என்ஜின் திருப்பி அடித்தால், காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரின் வாய் வழியாகத் தீ வரும். எங்கள் ஷெட் வாசலிலேயே ஒரு வண்டிக்கு அப்படிப் பானெட் பெயிண்ட் கொப்பளித்துப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் டேங்க் பின்னால், என்ஜின் முன்னால். நடுவில் உள்ள குழாய் முழுக்கக் காற்று. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்னத் தொட்டியான ஃப்ளோட் சேம்பரும் காலி. பெட்ரோலை இழுத்து வரும் ஏசி பம்ப் (ஏசி என்பது கம்பெனிப் பெயர், குளிர்சாதனம் அல்ல), என்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும். செல்ஃப் சுற்றும் வேகத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுக்கும். அதற்குள் பேட்டரி களைத்துவிடுகிறது. ஒரு லிட்டரும் போதாது. ரோடு சாய்வாக இருந்தால் குழாய் வாய்க்கு எட்டாமல் டேங்க் மூலையிலேயே கிடக்கும். ஐந்து லிட்டராவது ஊற்றுங்கள்.

அப்புறம் செல்ஃபைத் தொடாதீர்கள். ஏசி பம்பின் அடியில் விரலால் அசைக்கிற சின்ன லீவர் இருக்கும். அதை மெதுவாக அடியுங்கள். முதலில் வெறும் காற்றுதான். முப்பது, நாற்பது அடிக்குள் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஏறுவது தெரியும். விரலுக்குக் கனம் தட்டும். திடீரென்று லீவர் தளர்ந்து லேசாக ஆடினால் ஃப்ளோட் சேம்பர் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். முதல் அடியிலிருந்தே பிடிப்பு இல்லையா? என்ஜினோடு சுற்றிப் பம்பைத் தள்ளும் கேம், அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. என்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

இனி பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும் சோக்கை இழுத்து செல்ஃப் கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி, நடுவில் அரை நிமிடம் ஓய்வு. பெட்ரோல் வாடை பலமாக வந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி அடியுங்கள். உச்சி வெயிலில் சூடான வண்டி என்றால் பம்பின் மேல் ஈரத் துணி சுற்றிப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். குழாயில் ஆவி அடைத்திருந்தால் அது போதும்.

எடுத்த பிறகும் திணறினால் பெரும்பாலும் துருதான் காரணம். நாற்பது வருட டேங்க். கடைசிச் சொட்டோடு அடிமண்டியும் ஏறியிருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டைக் காற்று அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும்.

கால் டேங்க் காட்டிய மீட்டரையும் விடாதீர்கள். டேங்க்கில் உள்ள மிதவை சிக்கியிருக்கலாம். அதைச் சரி செய்யும்வரை, ஊற்றிய லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள்.