கடற்கொள்ளையர்கள் உண்மையிலேயே புதையலைப் புதைத்து வைத்தார்களா?

பெரும்பாலும் இல்லை. கொள்ளையடித்ததை உடனே பங்கு போட்டுவிடுவார்கள். மாலுமிகள் தங்கள் பங்கைத் துறைமுகத்தில் செலவழித்துவிடுவார்கள். பார்த்தலமியூ ராபர்ட்ஸ் என்ற கடற்கொள்ளைத் தலைவனின் கப்பல் விதிகளின்படி தலைவனுக்கே இரண்டு பங்குதான். கிடைப்பதும் எப்போதும் தங்கம் அல்ல. துணி, சர்க்கரை மாதிரி சரக்குகள்தான் அதிகம். 1718-இல் 'கருந்தாடி' எட்வர்ட் டீச், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை மறித்துப் பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டது என்ன தெரியுமா? ஒரு பெட்டி மருந்து!

ஆனால் வில்லியம் கிட் நிஜமாகவே புதைத்தார். 1698-இல் நம் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் 'குவேதா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தவர் இவர். அடுத்த ஆண்டு, கைதாவதற்குச் சற்று முன், நியூயார்க்கை அடுத்த கார்டினர்ஸ் தீவில் கொஞ்சம் பொருளைப் புதைத்தார். ஆளுநர் பெல்லமாண்ட் சீக்கிரமே அதை மீட்டு, வழக்குக்குச் சான்றாக லண்டனுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் எங்கோ இருக்கிறது என்ற பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' நாவல் 1883-இல் புத்தகமாக வந்தபிறகு, வரைபடமும் அதில் போட்ட சிலுவைக்குறியும் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டன.

கிட்டின் முடிவுதான் எனக்கு வருத்தம் தருகிறது. எதிரிக் கப்பல்களைப் பிடிக்க அவரிடம் ஆங்கில அரசின் உரிமம் இருந்தது. 'குவேதா மெர்ச்சன்ட்' கப்பலில் எதிரி நாடான பிரான்ஸின் அனுமதிச் சீட்டு இருந்தது, அதனால் பிடித்தது சட்டப்படி சரி என்று வாதாடினார். விசாரணையில் சீட்டுகள் கைக்கு வரவில்லை. கொலைக் குற்றமும் சேர, 1701-இல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். சீட்டுகள் 20-ஆம் நூற்றாண்டில் அரசு ஆவணங்களுக்குள் கிடைத்தன.