ஆறாவது மாதத்தில் வயிற்று உப்புசம்: சுண்டலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு ஆறாவது மாதம். சாயங்காலம் ஆனால் வயிறு கல் மாதிரி உப்பிவிடுகிறது, ஏப்பம் நிற்பதில்லை. பருப்பு, சுண்டல் எதையும் தொடாதே என்கிறார் மாமியார். மெடிக்கலில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். 'கேஸ் மாத்திரை' என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரை. நெஞ்செரிச்சலுக்கு அது சரி. குடலில் சேர்ந்த காற்றை அது ஒன்றும் செய்யாது. நெஞ்செரிச்சல், உப்புசம், மலச்சிக்கல் மூன்றையுமே நாம் 'கேஸ்' என்று சொல்லிப் பழகியதால் வரும் குழப்பம் இது. காற்றுக் குமிழிகளை உடைக்கும் மருந்து சிமெதிகோன். அது ரத்தத்தில் கலப்பதில்லை. தேவையென்றால் டாக்டரே எழுதித் தருவார். நுரைத்துப் பொங்கும் உப்புத்தூள், சோடா உப்பு வேண்டாம். சோடியம் அதிகம், பிரஷரும் கால் வீக்கமும் இருப்பவர்களுக்குக் கெடுதல்.

கர்ப்பப்பையைத் தளர்வாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், குடல் தசையையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. சாப்பாடு மெல்ல நகர்கிறது. அது அங்கே புளித்துக் காற்று உண்டாக நேரம் கிடைக்கிறது. போதாததற்கு, இந்த மாதத்தில் கர்ப்பப்பை தொப்புள் வரை ஏறிக் குடலையும் நெருக்கும். அதனால் என்ன சாப்பிட்டோம் என்பதைவிட ஒரே வேளையில் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதுதான் முக்கியம். மதியச் சாப்பாட்டைப் பாதியாக்கி, மீதியை நான்கு மணிக்குச் சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிட்டதும் படுக்காமல் 10 நிமிடம் மெதுவாக நடங்கள்.

சுண்டலை நிறுத்தாதீர்கள், புரதம் வேண்டும். காற்றை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்களில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே கொண்டைக்கடலையை 10 மணி நேரம் ஊறவிட்டு, நடுவே ஒருமுறை தண்ணீர் மாற்றி, கடைசித் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலில் அழுத்தினால் மசிய வேண்டும். முதலில் கால் கப் போதும். பாசிப்பருப்பு இன்னும் லேசு. பால் குடித்தால் உப்பினால் ஒரு வாரம் தயிருக்கு மாறிப் பாருங்கள்.

அடுத்து மாத்திரை வேளை. இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகும். இறுகினால் காற்றும் அடைபடும். கால்சியம் கார்பனேட்டும் சிலருக்கு அப்படியே. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. கால்சியத்தைச் சாப்பாட்டோடு போட்டு, இரும்பை இரண்டு மணி நேரமாவது தள்ளி, பால், டீ, காபி இல்லாமல் போடுங்கள். வயிறு கேட்கவில்லை என்றால் வேறு வகை மாற்றித் தரச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறைய வேண்டாம். கொய்யா, கீரை, வாழைத்தண்டு சேருங்கள். சீரகத் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை. விளக்கெண்ணெய் மட்டும் கூடவே கூடாது. கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டலாம்.

'கல் மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த நேரம் உள்ளங்கையை வயிற்றில் வையுங்கள். காற்று என்றால் வலி இடம் மாறும், குடல் இரையும், காற்றுப் பிரிந்தால் லேசாகும். கர்ப்பப்பை சுருங்கினால் முன்வயிறு முழுவதும் ஒன்றாக இறுகி, சற்று நேரத்தில் தளரும். அது விட்டுவிட்டு ஒரே சீராக வந்தாலோ, இடுப்பு வலி, நீர்க்கசிவு, ரத்தக்கசிவு சேர்ந்தாலோ உடனே பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலது விலாவுக்குக் கீழே வலி, கூடவே தலைவலி, கண் மங்கல், முக வீக்கம் இருந்தால் அது வாயு அல்ல. பிரஷர் ஏறியிருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.