கென்யாவின் சாலையோரங்களில் மஞ்சள் காயோடு நிற்கும் முட்செடி கத்தரி இனமா?

ஆம், கத்தரியின் காட்டு உறவுதான். பெயர் சொலானம் கேம்பிலகாந்தம். ‘கேம்பிலகாந்தம்’ என்றால் கிரேக்க மொழியில் ‘வளைந்த முள்’ என்று பொருள். தண்டில் கைவைத்தவர்களுக்குப் பெயர்க்காரணம் விளங்கிவிடும். நீண்ட காலம் இதை சொலானம் இன்கானம் என்ற இன்னொரு செடியோடு சேர்த்தே குழப்பிவந்தார்கள், பழைய நூல்களில் கவனம் தேவை.

இடுப்பளவோ ஆள் உயரமோ வளரும் புதர். இலையைத் தடவினால் சொரசொரக்கும். லென்ஸில் பார்த்தால் நட்சத்திர வடிவ மயிர்கள் தெரியும். பூ ஊதா, நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகள். அவற்றின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு, ஆகவே சில வகைத் தேனீக்கள் ரீங்கரித்து அதிர வைத்தால்தான் மகரந்தம் உதிரும். கிளையின் அடிப்பூக்களே பெரும்பாலும் காய்க்கும், மேலுள்ளவை ஆண்பூக்களாக உதிர்ந்துவிடும். உருண்டைக் காய் பச்சையிலிருந்து மஞ்சளாகும்.

எத்தியோப்பியா முதல் தென்னாப்பிரிக்கா வரை சவன்னா புல்வெளிகளிலும் கைவிட்ட வயல்களிலும் காணலாம். மாடுகள் அளவுக்கு மீறி மேய்ந்த நிலத்தில் புல் ஒழிய, இது பெருகும். யானையும் இம்பாலா மானும் பழத்தை உண்டு விதை பரப்புகின்றன. அதை நம்பி நீங்கள் கடித்துப் பார்க்காதீர்கள்: கசப்பு மட்டுமல்ல, நஞ்சும் உண்டு.